ஹேவ்லாக் தீவில் சூரிய அஸ்தமனம், இரவில் ஒளிரும் கடல் இரண்டையும் பார்க்க எப்போது போகலாம்?

அந்தமானின் ஹேவ்லாக்கில் (இப்போது சுவராஜ் தீவு) இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கலாம். தேதியை நிலவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடலில் ஒளிர்வது நுண்ணுயிர்கள். துடுப்பு பட்டுத் தண்ணீர் கலங்கும்போது நீல ஒளி விடும். நிலவொளியில் அது சரியாகத் தெரியாது. பௌர்ணமி முடிந்து நான்கைந்து நாள் கழித்து அமாவாசை வரையிலான தேய்பிறை நாட்கள் உத்தமம். நிலவு தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால் முன்னிரவு இருட்டாகவே இருக்கும். வளர்பிறையில் சூரியன் மறையும்போதே நிலவு வானில் நிற்கும். பலர் ஏமாறுவது இதில்தான். மாதம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே முதல் மழை, கொந்தளிப்பு.

அஸ்தமனத்துக்கு மேற்கு பார்த்த ராதாநகர் கடற்கரை. காலாபத்தர் கிழக்கு, அது காலைக்கு. அந்தமான் வெகு கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். 4 மணிக்கே அங்கிருங்கள். மறைந்த அரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் திரும்பிவர ஆட்டோவை முன்பே பேசி நிறுத்தி வையுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

ஒளிரும் கடலைப் பார்க்கப் போகும் இரவுக் கயாக் (சிறு துடுப்புப் படகு) பயணத்துக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். அதுவரை மொபைல் திரையைத் தொடாதீர்கள்.