கடல்நாய் வேட்டை, வெண்மை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் பனிப்பரப்பில் கடல்நாய்க் குட்டிகளைத் தோலுக்காக அடித்துக் கொல்லும் காணொளியைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அந்த வெள்ளைக் குட்டியின் குழந்தை முகத்தைப் பார்த்தும் கை ஓங்க மனம் வருகிறதா? அந்தப் பனிநாட்டுக் காட்டுமிராண்டிகளைத் திருத்தவே முடியாதா? இறைச்சி உண்பவள் இதைப் பேசலாமா என்று என் கணவர் கேட்கிறார். நான் மனுவில் இட்ட கையெழுத்தால் பயன் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

எங்கோ துடிக்கும் உயிருக்காக உறக்கமிழக்கும் மனம் உங்களுடையது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரின் கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஆனால் ‘குழந்தை முகம்’ என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்தது பழைய படமாக இருக்க வேண்டும். வெள்ளைக் குட்டிகளை வணிகத்துக்காகக் கொல்வதைக் கனடா 1987-லேயே தடைசெய்துவிட்டது. அங்கே வேட்டையாடப்படும் ஹார்ப் சீல் என்ற கடல்நாய் வகையின் குட்டி ஏறத்தாழ 12 நாட்களே தாய்ப்பால் குடிக்கிறது. பிறகு தாய் அதைப் பனியில் விட்டுப் போய்விட, வெண்மயிர் உதிர்ந்து, புள்ளியிட்ட சாம்பல் நிறம் வெளிப்படுகிறது. சட்டத்தின் காவல் அதுவரைதான். மூன்று மாதம்கூட நிறையாத அந்தச் சாம்பல் குட்டிகளைக் கொல்வதே இன்றைய வேட்டையின் பெரும்பகுதி. உலகம் கண்ணீர் விட்டது அந்த நிறத்துக்காக. காப்பாற்றப்பட்டதும் அந்த நிறம் மட்டுமே. சில வாரங்களில் வலி குறைந்துவிடுகிறதா என்ன?

‘காட்டுமிராண்டிகள்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் வேட்டைக்காரர்கள் மீனவர்கள். 1992-இல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது பிழைப்பை இழந்த கரைகளைச் சேர்ந்தவர்கள். ஆர்க்டிக்கின் தொல்குடிகளான இனூயிட் மக்களோ உணவுக்கும் உடைக்கும் கடல்நாயை நம்பி வாழ்பவர்கள். வெள்ளைக் குட்டி வணிகத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆயினும், 1983-இல் ஐரோப்பா வெள்ளைக் குட்டித் தோலைத் தடுத்தபோது எல்லாக் கடல்நாய்த் தோலின் விலையும் சரிந்து, முதலில் அடிபட்டவர்கள் அவர்களே. நம் சினம் போய்ச் சேரவேண்டிய இடம் அவர்கள் குடிசையல்ல, பளபளப்புக்காகத் தோல் வாங்கும் சந்தை.

அந்தச் சந்தையை மூட முடியும். 2000-களின் நடுவில் கனடாவில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ப் சீல்கள் கொல்லப்பட்டன. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம், இனூயிட் வேட்டைக்கு விலக்களித்து, கடல்நாய்ப் பொருட்களைத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கனடாவும் நார்வேயும் வழக்காடியபோதும், பொது ஒழுக்கத்தின் பொருட்டு அப்படியொரு தடை விதிக்கலாம் என்பதை உலக வர்த்தக அமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்டது.

நமீபியாவின் கேப் கிராஸ் கரையில், இன்னும் பால்குடி மறவாத கடல்நாய்க் குட்டிகளை மென்மயிர்த் தோலுக்காகத் தடியால் அடிக்கிறார்கள். அவை கறுப்பாகப் பிறப்பவை; வெள்ளைக் குட்டிக்குக் கிடைத்த புகைப்படங்களில் நூறில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் அடுத்த மனுவை அவற்றுக்காக நீங்களே எழுதுங்கள். அதில் முகத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.