800 லிட்டர் உப்புத்தண்ணி டேங்க்: பயோ ஃபில்டருக்கு எவ்வளவு காசு போடலாம்?

கேள்வி: 800 லிட்டர்ல கடல் மீன் டேங்க் வைக்கப்போறேன், முதல்ல மீன் மட்டும், அப்புறமா கொஞ்சம் சாஃப்ட் கோரல். கடைக்காரர் பயோ பால் (பிளாஸ்டிக் பந்து) போட்ட பெரிய ட்ரிக்கிள் ஃபில்டரும், அதோட விலை ஜாஸ்தியான செராமிக் பிளாக் நாலும் வாங்கியே ஆகணும்ங்கறார். நண்பர் லைவ் ராக் (பாக்டீரியா ஒட்டியிருக்கிற கடல் பாறை) போதும்ங்கறார். யார் பேச்சைக் கேக்குறது?

பதில்: நான் உங்க நண்பர் பக்கம். செராமிக் பிளாக்குக்குள்ள அத்தனை சதுர மீட்டர் பரப்பு இருக்கு, இத்தனை இருக்குன்னு பெட்டியில போட்டிருப்பான், பொய்னு சொல்லல, ஆனா மீன் கழிவுல வர்ற அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா இடத்தைப் பாத்து பெருகுறதில்ல, அமோனியா எவ்வளவு வருதோ அவ்வளவுதான் பெருகும். நீங்க போடுற தீனி அதேதான்னா பிளாக் ஒண்ணு இருந்தாலும் நாலு இருந்தாலும் பாக்டீரியா ஏறக்குறைய அதே அளவுதான். பாறை, மணல், ஏன் கண்ணாடி, பைப் உள்பக்கம் வரைக்கும் அது ஒட்டிக்கும். நாலு பிளாக் காசு அப்படியே மிச்சம்.

ட்ரிக்கிளை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணி சொட்டு சொட்டா காத்துல விழுறதால ஆக்ஸிஜன் தாராளம், அமோனியாவையும் அதுல இருந்து வர்ற நைட்ரைட்டையும் சீக்கிரம் முடிச்சிடும். பிரச்சனை அதுக்கப்புறம். கடைசில வர்ற நைட்ரேட்டை கேஸாக்கி வெளிய அனுப்புற பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் இல்லாத இடம் வேணும், பயோ பால்ல அது கிடையாது, ஓட்டை ஓட்டையா இருக்கிற பாறையோட உள்பக்கத்துல உண்டு. அதோட பயோ பால் மேல அழுக்கு சேந்து மக்கி நைட்ரேட் இன்னும் ஏறும். டிரிகர், லயன் ஃபிஷ் மாதிரி பெருந்தீனிக்காரங்களை மட்டும் வைக்கிறவங்களுக்கு ட்ரிக்கிள் ஓகே, நீங்க கோரல் வைக்கணும்ங்கறீங்களே, அதனால வேண்டாம்.

பாறை எவ்வளவுன்னா, பழைய கணக்கு 10 லிட்டருக்கு 1 கிலோ, சிலர் அதுக்கும் மேல சொல்வாங்க. எடை கம்மியா, துளை ஜாஸ்தியா இருக்கிற பாறைன்னா அதுல பாதி போட்டே நல்லா ஓட்டுறவங்க நிறைய பேர். முழுசும் லைவ் ராக்கா வாங்கினா விலை எகிறும், கூடவே ஐப்டேசியா (வேகமாப் பரவுற, கொட்டுற அனிமோன்), மேண்டிஸ் ஷ்ரிம்ப் (இறால் மாதிரி வேட்டைப் பிராணி) இப்படி கேக்காத விருந்தாளியும் வரும். பெரும்பாலும் டிரை ராக் (உயிர் ஒண்ணும் இல்லாத காஞ்ச பாறை) வாங்கி, நல்ல லைவ் ராக் கொஞ்சம் சேருங்க, பாக்டீரியா பரவிக்கும். சில டிரை ராக் பாஸ்பேட் கக்கும், அதனால முதல்லயே தனி டப்பால உப்புத்தண்ணில ஊற வச்சு டெஸ்ட் பண்ணிடுங்க.

மிச்சமான காசை ஸ்கிம்மர்ல போடுங்க. கழிவு அமோனியாவா மாறுறதுக்கு முன்னாடியே நுரையோட வெளிய எடுக்கிறது அதுதான். பெட்டியில 800 லிட்டர்னு போட்டிருந்தா அது மீன் கம்மியா இருக்கிற டேங்குக்கான கணக்கு, 1200க்கு மேல போட்டதா பாருங்க. சம்ப் (டேங்குக்குக் கீழ வைக்கிற தொட்டி) மெயின் டேங்க்ல கால்வாசி அளவாவது இருக்கட்டும், கரண்ட் போனா மேல இருந்து இறங்குற தண்ணியைத் தாங்கணும். அதுலயே ஒரு அறை பிரிச்சு லைட் போட்டு கீட்டோ பாசி வளத்தா நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறையும்.

எதை வாங்கினாலும் மீன் விட அவசரம் வேண்டாம். சைக்கிள் (பாக்டீரியா தேவையான அளவு வளர்ற காலம்) முடிய 4 முதல் 6 வாரம் ஆகலாம், அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ காட்டுற வரைக்கும் பொறுங்க. பாட்டில் பாக்டீரியா ஊத்தினா கொஞ்சம் சீக்கிரம் முடியலாம், டெஸ்ட் கிட்டை நம்புங்க, பாட்டில் லேபிளை இல்ல.

கேள்வி: ஏற்கெனவே ஓடுற டேங்க்ல பயோ பாலை எடுத்துட்டு பாறைக்கு மாறலாமா? ஒரே நாள்ல எடுக்கலாமா?

பதில்: ஒரே நாள்ல கூடவே கூடாது, பாக்டீரியா பாதிக்கு மேல அதுலதான் உக்காந்திருக்கலாம். முதல்ல பாறையைப் போட்டு சில வாரம் விடுங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடின்னு எடுங்க, ஒவ்வொரு தடவையும் அமோனியா பாருங்க. கொஞ்சம் ஏறினாலும் நிறுத்திடுங்க. எடுக்காத பயோ பாலை குழாய்த்தண்ணில கழுவாதீங்க, குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும், டேங்க் தண்ணிலயே அலசுங்க. சம்ப்ல ஒரு ஸ்பாஞ்சையும் போட்டு வைங்க, பாக்டீரியா அதுலயும் ஒட்டிக்கும், விலை ரொம்பக் கம்மி. மீனுக்கு நோய் வந்து தனி டேங்க்ல காப்பர் மருந்து குடுக்க வேண்டி வந்தா அந்த ஸ்பாஞ்சை எடுத்து அங்க மாட்டிடலாம். மருந்து பட்ட ஸ்பாஞ்சைத் திரும்ப சம்ப்ல போட்டுடாதீங்க, கோரலுக்கும் இறாலுக்கும் காப்பர் விஷம்.