தலைவர்களின் தரவரிசை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி இது: "நாட்டுத் தலைவர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் ஒரே ஆள் ஒரு காலத்தில் கீழே இருக்கிறார், இன்னொரு காலத்தில் மேலே இருக்கிறார். இறந்துபோனவர் புதிதாக எதையும் செய்யப் போவதில்லை. அப்புறம் எப்படி மாறுகிறது? இந்தப் பட்டியல்களை நம்பலாமா?"

இந்தப் பட்டியல்களைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன், கொஞ்சம் வேண்டாத பழக்கம்தான். ஒருவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் ஏறினாரா இறங்கினாரா, எப்போது, ஏன் என்பதைக் கவனிப்பேன். பட்டியலில் உருப்படியான தகவல் இருக்கிறதென்றால் அது அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டை ஒழுங்காக ஆரம்பித்து வைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1948-இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஹார்வர்டு வரலாற்றாசிரியர், தன் துறையைச் சேர்ந்த 55 பேரிடம் கேட்டு, தங்கள் அதிபர்களை மகத்தானவர், ஏறக்குறைய மகத்தானவர், சராசரி, சராசரிக்கும் கீழ், தோல்வி என்று பிரித்தார். 'லைஃப்' இதழில் அது வெளிவந்தது. மகத்தானவர்கள் ஆறு பேர்: லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், உட்ரோ வில்சன், ஜெபர்சன், ஆண்ட்ரூ ஜாக்சன். தோல்வி என்ற பெட்டியில் இரண்டே பேர்: யுலிசிஸ் கிராண்ட், வாரன் ஹார்டிங்.

இனி 2021-க்கு வருவோம். சி-ஸ்பான் தொலைக்காட்சி நிறுவனம் 142 பேரிடம் இதே மாதிரிக் கேட்டது. லிங்கன், வாஷிங்டன், ரூஸ்வெல்ட் மூவரும் முதல் மூன்று இடங்களில் அசையாமல் நிற்கிறார்கள். வில்சன் 13-ஆவது. ஜாக்சன் 22-ஆவது. 'தோல்வி' கிராண்ட் 20-ஆவது, அதாவது ஜாக்சனுக்கும் மேலே! 1948-இல் வாக்களித்தவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இடையில் என்ன நடந்தது? வில்சனைப் பற்றி யாரும் புதிதாக ரகசியம் எதையும் தோண்டி எடுக்கவில்லை. 1913-இல் அவருடைய ஆட்சியில் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து வைத்தது அப்போதே பத்திரிகைகளில் வந்த செய்தி. அதை எதிர்த்துக் கறுப்பினத் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்கே போய் வாதாடியும் இருக்கிறார்கள். பூர்வகுடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்து கிளப்பும் சட்டத்தில் ஜாக்சன் 1830-இல் கையெழுத்திட்டதும் பள்ளிப் பாடத்தில் இருக்கிற விஷயம்தான். எல்லாம் தெரிந்தேதான் 1948-இல் அவர்களை உச்சியில் வைத்தார்கள். அந்த 55 பேருக்கும் அது மதிப்பெண் போட வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சி-ஸ்பான் பட்டியலிலோ பத்து அளவுகோல்களில் ஒன்று 'எல்லோருக்கும் சம நீதி தேடினாரா' என்பது. வில்சன் இந்தப் பட்டியலில் 2000-இல் 6, 2009-இல் 9, 2017-இல் 11, 2021-இல் 13 என்று படிப்படியாக இறங்கியிருக்கிறார். 2020-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக் கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டது. இத்தனைக்கும் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்.

கிராண்ட் கதை இதன் மறுபக்கம். உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் விடுதலையான அடிமைகளுக்கு வாக்குரிமை கொடுத்ததே பெரிய பிழை என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி அமெரிக்க வரலாற்றாசிரியர்களில் பலர் நம்பினார்கள், பாடமாகவும் எழுதினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்து வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும்தான் இதற்கு முக்கியக் காரணம். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1871-இல் சட்டம் கொண்டுவந்து, தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்தி வைத்து, படையை அனுப்பிய கிராண்ட் அத்துமீறிய ஆளாகத் தெரிவார். கூடவே அவருடைய ஆட்களின் ஊழல்களும் சேர்ந்துகொண்டன. 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு வந்த தலைமுறை அதே செயலைப் பார்த்து, 'அந்தக் காலத்தில் இவ்வளவாவது செய்தாரே' என்றது. ஊழல்கள் எங்கும் போகவில்லை. அவற்றுக்குக் கொடுத்த எடை குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது ஒருவகை மாற்றம். கேள்வி மாறியதால் விடையும் மாறுகிறது. இன்னொரு வகையில், நிஜமாகவே புதிய ஆதாரம் வருகிறது. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும், ஏனென்றால் இதில் உண்மையிலேயே நாம் எதையோ கற்றுக்கொள்கிறோம்.

நல்ல உதாரணம் 1950-களில் அதிபராக இருந்த ஐசனோவர். 1962-இல் ஷ்லெசிங்கர் இரண்டாம் முறை கேட்டபோது அவர் சராசரிப் பிரிவின் அடியில்தான் கிடந்தார். கோல்ஃப் ஆடுகிறவர், பத்திரிகையாளர் சந்திப்பில் தெளிவாக ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர், வேலையை அமைச்சர்களிடம் விட்டுவிட்டவர் என்றுதான் பேச்சு. 1970-களில் அவருடைய தனிச் செயலர் பாதுகாத்து வைத்திருந்த கோப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நாட்குறிப்புகள், கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் வந்தன. அவற்றில் தெரிந்த மனிதர் வேறு. எல்லாவற்றையும் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, பழியும் புகழும் அடுத்தவர் பெயரில் போகும்படி விட்டிருக்கிறார். 1955-இல் தைவான் நீரிணை நெருக்கடியின்போது நிருபர்கள் அணுகுண்டு பற்றிக் கேட்பார்களே என்று அவருடைய பத்திரிகைச் செயலர் பயந்தபோது, 'கவலைப்படாதே, கேட்டால் குழப்பிவிடுகிறேன்' என்ற அர்த்தத்தில் பதில் சொல்லியிருக்கிறார். சொன்னபடி குழப்பியும் விட்டார். உளறல் என்று எல்லோரும் நினைத்ததில் ஒரு பகுதியாவது திட்டமிட்ட உளறல். 2017, 2021 பட்டியல்களில் அவர் 5-ஆவது இடம்.

ஆதாரம் எப்போது வெளிவரும் என்பதே பல நேரம் ஒரு அரசியல் முடிவு. லிண்டன் ஜான்சன் தன் தொலைபேசி உரையாடல்களை ரகசியமாகப் பதிவு செய்து, தன் மரணத்துக்குப் பின் 50 ஆண்டுகள் பூட்டி வைக்கச் சொன்னார். அவர் 1973-இல் இறந்தார். அந்தக் கணக்குப்படி 2023 வரை காத்திருக்க வேண்டும். அவருடைய நூலகம் 1990-களிலேயே திறந்துவிட்டது. வியட்நாம் போரில் ஜெயிக்க முடியாது என்று தனிமையில் புலம்பிக்கொண்டே படையை அதிகரித்த மனிதரின் குரலை இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது.

மொத்த மதிப்பெண் என்ற யோசனை மேலேயே எனக்கு நம்பிக்கை போனது ஜான்சனால்தான். சிவில் உரிமைச் சட்டம் 1964-இல், வாக்குரிமைச் சட்டம் 1965-இல். சம நீதி என்ற அளவுகோலில் அவரை லிங்கனுக்கு அடுத்து வைக்கிறார்கள். வெளியுறவில் கடைசி வரிசைகளில் வைக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 10 அல்லது 11-ஆவது இடம் வருகிறது. ஓர் அளவுகோலுக்கு அதிகபட்சம் 100, மொத்தம் 1000, எல்லாவற்றுக்கும் சம எடை. நாடாளுமன்றத்தோடு உறவு எப்படி என்பதற்கும், லட்சக்கணக்கான உயிர் போன போருக்கும் ஒரே எடை! இந்த 11 என்ற எண்ணில் ஜான்சன் எங்கே இருக்கிறார்? அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களையும் அந்தக் கூட்டல் ஒன்றோடொன்று கழித்து அழித்துவிடுகிறது.

அப்புறம் ஒப்பீட்டில் கிடைக்கும் உயர்வு. அடுத்து வந்தவர் மோசம் என்று தோன்றினால் முன்னால் இருந்தவர் தானாக நல்லவராகிவிடுவார். ஜார்ஜ் புஷ் (மகன்) 2009-இல் 36, 2017-இல் 33, 2021-இல் 29. இராக் போர் பற்றிய தீர்ப்பு இந்தப் பன்னிரண்டு ஆண்டில் மாறவில்லை, புதிய கோப்புகளும் பெரிதாக வரவில்லை. மாறியது மனநிலை. இதற்கு நேர் எதிர் ட்ரூமன் என்று நினைக்கிறேன். 1952 பிப்ரவரியில் காலப் நிறுவனத்தின் மக்கள் கருத்துக் கணிப்பில் அவருக்கு ஆதரவு 22 சதவீதம். கொரியப் போர், விலைவாசி, ஊழல் புகார்கள். பத்தே வருடத்தில் வரலாற்றாசிரியர்கள் அவரை 'ஏறக்குறைய மகத்தானவர்' ஆக்கினார்கள், 2000-இல் 5-ஆவது இடம் கொடுத்தார்கள். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவ அவர் அமைத்த மார்ஷல் திட்டமும், நேட்டோ ராணுவக் கூட்டணியும் அவருக்குப் பிறகும் நின்று வேலை செய்ததுதான் காரணம். பதவியை விட்டுப் போகும்போது இருக்கும் ஆதரவு விகிதத்துக்கும் பிற்காலத் தீர்ப்புக்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு இவரைக் காட்டாத ஆளில்லை. சிக்கல் என்னவென்றால், ஆதரவு சரிந்து பதவியை விட்டுப் போகும் தலைவர்கள் எல்லோருமே தங்களை ட்ரூமன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2002-இல் பிபிசி, மிகச் சிறந்த பிரிட்டானியர் யார் என்று மக்களிடம் கேட்டபோது சர்ச்சில் ஜெயித்தார். இரண்டே வருடம் கழித்து லீட்ஸ் பல்கலைக்கழகம், 20-ஆம் நூற்றாண்டுப் பிரதமர்களில் சிறந்தவர் யார் என்று கல்வியாளர்களிடம் கேட்டபோது கிளெமென்ட் அட்லி முதலிடம், சர்ச்சில் இரண்டாமிடம். 1945 தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்தவர் அட்லி என்பதை நினைத்தால் வேடிக்கைதான். பேராசிரியர்கள் அட்லி ஆட்சியில் மருத்துவக் காப்பு முறை எப்படி உருவானது என்று பார்க்கிறார்கள், மக்களுக்கு சர்ச்சிலின் 1940 போர்க்கால வானொலி உரை காதில் ஒலிக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து அளப்பவர்களுக்கு இரண்டு பட்டியலுமே ஒத்துவராது.

மக்கள் வாக்களிப்பில் இதைவிடச் சுவையானது போர்ச்சுகலில் 2007-இல் நடந்தது. மிகச் சிறந்த போர்த்துகீசியர் யார் என்ற தொலைக்காட்சிப் போட்டியில், முப்பது வருடத்துக்கு மேல் நாட்டைச் சர்வாதிகாரத்தில் வைத்திருந்த சலசார் 41 சதவீதம் வாங்கி ஜெயித்தார். இரண்டாம் இடம் அவருடைய சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கம்யூனிஸ்ட் தலைவர் அல்வரோ குன்யால். மூன்றாம் இடம் அரிஸ்டிடெஸ் டி சூசா மென்டெஸ். 1940-இல் சலசாரின் உத்தரவை மீறி அகதிகளுக்கு விசா கொடுத்துத் தன் வேலையையே இழந்த தூதரக அதிகாரி. ஒரு சர்வாதிகாரியும் அவரை எதிர்த்த இருவரும் முதல் மூன்று இடத்தில்! இதைத் தரவரிசை என்று சொல்வதா, முடியாத சண்டையின் அடுத்த சுற்று என்று சொல்வதா? போன் போட்டு வாக்களிக்கும் அளவுக்கு ஆவேசம் யாருக்கு இருந்ததோ அவர்களின் கணக்கு அது.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதற்கு சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் ஒருவர் போதும். 1990-இல் நோபல் அமைதிப் பரிசு. 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில் நின்றபோது கிடைத்தது சுமார் அரை சதவீத வாக்கு.

சில நாடுகளில் வரலாற்றாசிரியரும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், கட்சியே தீர்ப்பு எழுதிவிடும். மாவோ இறந்து ஐந்து வருடம் கழித்து, 1981-இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு தீர்மானம் போட்டது. அவருடைய பங்களிப்பே முதன்மையானது, தவறுகள் இரண்டாம்பட்சம் என்று அதில் முடித்தார்கள். 70 சதவீதம் சரி, 30 சதவீதம் தவறு என்று வாய்வழக்கில் சொல்வார்கள். இதில் ஒரு கூத்து இருக்கிறது. 1956-இல் ஸ்டாலினுக்கு இதே ஏழு-மூன்று கணக்கைப் போட்டவர் மாவோதான்.

இந்தியாவில் இப்படி முறையான, திரும்பத் திரும்ப நடத்தப்படும் வரலாற்றாசிரியர் பட்டியல் வேரூன்றவில்லை. இங்கே ஒரு தலைவரின் இடம் பெரும்பாலும் அவருக்காக வாதாட யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நரசிம்ம ராவ் 1991 பொருளாதார மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவர். 1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவரும் அவரே. 2004-இல் இறந்தபோது அவர் உடலைச் சொந்தக் கட்சியின் தலைமையகத்துக்குள்ளேயே கொண்டுபோகவில்லை. கட்சிக்குள் அவருக்கென்று வாரிசோ அணியோ இல்லை. இருபது வருடம் கழித்து, 2024-இல், எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த பாஜக அரசு அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது. அவருக்கு அது தகும் என்பதே என் எண்ணம். ஆனால் அது ஆராய்ச்சி செய்து கொடுத்த விருது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

மன்மோகன் சிங் 2014 ஜனவரியில், இன்றைய ஊடகங்களைவிட வரலாறு என்னிடம் கனிவாக இருக்கும் என்றார். 2024 டிசம்பரில் அவர் இறந்தபோது வந்த இரங்கல்களைப் பார்த்து, அது பலித்துவிட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்த வாரத்தில் எல்லோரும் கனிவாகத்தான் இருப்பார்கள். அவர் ஆட்சியில் அமைச்சரவைக்குள் யார் எதை எதிர்த்தார்கள், அலைக்கற்றை, நிலக்கரி விவகாரங்களில் பிரதமர் அலுவலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது என்பதெல்லாம் கோப்புகளில்தான் இருக்கும். விதிப்படி 25 வருடம் கடந்த நிரந்தர ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஆனால் 1962, 1965, 1971 போர்கள் பற்றிய ஆவணங்களே தங்களிடம் வந்து சேரவில்லை என்று 2022-இல் அந்தக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். ஐசனோவருக்கு நடந்தது போன்ற ஒரு திருப்பம் நேருவுக்கோ இந்திராவுக்கோ சாஸ்திரிக்கோ, மேலேயோ கீழேயோ, நடக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பெட்டிகள் வர வேண்டும். மன்மோகனின் 2004 கோப்புகளுக்கு விதிப்படி 2029-இல் முறை வருகிறது. வருகின்றனவா என்று பார்ப்போம்.