பானிபூரியும் மிச்ச மாத்திரையும்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பானிபூரி சாப்பிட்ட மறுநாளிலிருந்து இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருந்த ஆஃப்லாக்சசின் - ஆர்னிடசோல் மாத்திரையைப் பாதி பாதியாக நான்கு வேளை கொடுத்தேன், நின்றுவிட்டது. கடைத் தின்பண்டங்களில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமி இருப்பதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. அது அவள் வயிற்றில் தங்கியிருக்குமா? மலப் பரிசோதனை செய்யலாமா? தயிர், வெட்டிய பழம், கடை இட்லி மாவு எல்லாவற்றையும் நிறுத்தட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: மலப் பரிசோதனை வேண்டாம். ஓடியாடி விளையாடும் குழந்தைக்கு அதில் மருந்துக்குச் சாகாத எதிர்ப்புக் கிருமி இருப்பதாகவே முடிவு வந்தாலும், நான் எந்த மருந்தும் எழுதப்போவதில்லை. நம் நாட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலரின் குடலிலும் அப்படிப்பட்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருக்கத்தான் செய்கிறது. அது பாட்டுக்கு இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போய்விடும்.

வீடியோ சொல்வது முழுப் பொய் இல்லை. சட்னி, வெட்டி வைத்த பழம் என்று மறுபடி சூடாக்காமல் சாப்பிடுபவற்றில் இத்தகைய கிருமிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் மருந்துக்குச் சாகாத கிருமியும் கொதிசூட்டில் செத்துவிடும். இட்லி ஆவியில் வெந்துதானே வருகிறது? மாவைப் பற்றிய கவலையை விடுங்கள். தயிர் கொடுக்கலாம். பழத்தை வீட்டிலேயே கழுவி வெட்டிக் கொடுங்கள். பானிபூரித் தண்ணீரை மட்டும் கொஞ்ச நாள் மறக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் பானிபூரி மேல் இல்லை, அந்த ஆன்டிபயாடிக் மாத்திரை மேல்தான். இரண்டு நாளில் அந்த வயிற்றுப்போக்கு தானாகவே நின்றிருக்கும். தேவைப்பட்டது ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும்தான். வெளிநாடு போய்வந்த 430 பேரைப் பின்லாந்து மருத்துவர்கள் பரிசோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்தும் ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் 21 சதவீதம் பேர் எதிர்ப்புக் கிருமியோடு ஊர் திரும்பினார்கள். எடுத்தவர்களில் 37 சதவீதம். தெற்காசியாவுக்கு வந்து வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் விழுங்கியவர்களில் 80 சதவீதம்! கூட்டமான பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிவிட்டு, கடைசியாக ஏறியவனுக்குச் சீட் பிடித்துக் கொடுப்பது மாதிரிதான் இது. நீங்கள் பயப்படும் கிருமிக்குக் குடலில் இடம் ஒதுக்கித் தருவதே அந்த மாத்திரை.

சரி, இனி நீங்கள் கவனிக்க வேண்டியது காய்ச்சல். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அசுத்தமான தண்ணீரில் வரும் டைபாய்டு உடனே தலைகாட்டாது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் தொடங்கும். இந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே 'பிளட் கல்ச்சர்' (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டைபாய்டுக்கு வழக்கமாக எடுக்கும் 'வைடால்' ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. பாதி மாத்திரை கொடுத்த கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தியாவில் டைபாய்டு கிருமி ஆஃப்லாக்சசின் குடும்பத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. அரைகுறையாகக் கொடுத்தால் கிருமியும் சாகாது, கல்ச்சரிலும் சரியாக வளராது. அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று நாங்கள் இருட்டில் தேட வேண்டியதுதான்.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள்.

'எந்த மருந்தும் கேட்காது' என்ற பயத்துக்கு வருகிறேன். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டு, செஃப்ட்ரையாக்சோன் என்ற ஊசி மருந்துக்கும் கட்டுப்படவில்லை. அங்கேகூட அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கைகொடுத்தது. நம் ஊரில் பெரும்பாலான டைபாய்டுக்கு இந்த இரண்டுமே இன்றும் வேலை செய்கின்றன. உங்கள் மகளுக்கு வைத்தியம் உண்டு.

டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நோட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மிச்ச மாத்திரையைச் சின்னக் காய்ச்சலுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.