வாசல் கேமராவில் பக்கத்து வீட்டார் பேச்சும் பதிவானால்?

இங்கிலாந்தில் வீட்டு வாசலில் கேமரா வைத்திருக்கிறீர்கள், தங்கள் பேச்சும் அதில் பதிவாகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள், இது சட்டப்படி தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா வைப்பது தப்பில்லை. அது உங்கள் எல்லைக்குள் மட்டும் பார்த்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கமே வராது. தெருவோ அடுத்தவர் தோட்டமோ பதிவாகத் தொடங்கினால்தான் வரும். ஒலியில் சிக்கலே இதுதான்: லென்ஸைத் திருப்பி வைக்கலாம், மைக்குக்கு வேலி ஏது?

2021இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி கோர்ட்டில் (கீழ்நிலை சிவில் நீதிமன்றம்) இப்படி ஒரு வழக்கு நடந்தது. ரிங் டோர்பெல்லும் (கேமராவும் மைக்கும் உள்ள அழைப்பு மணி) சில கேமராக்களும் வைத்திருந்தவர்மீது பக்கத்து வீட்டுப் பெண் வழக்குப் போட்டார். படம் எட்டும் தூரத்தைவிடப் பேச்சு எட்டும் தூரம் மிக அதிகம், திருட்டைத் தடுக்க இவ்வளவு தேவையில்லை என்றார் நீதிபதி. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பானது. கவுன்டி கோர்ட் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அதற்காக அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

செயலியின் செட்டிங்ஸில் ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். திருடனைப் பிடிக்க முகம் போதும், அவன் இருமுவது எதற்கு? அப்புறம், கேமரா இருப்பதைச் சொல்லும் சிறு பலகை ஒன்று மாட்டுங்கள், பழைய பதிவுகளை அவ்வப்போது அழியுங்கள். பக்கத்து வீட்டார் தங்கள் பதிவின் நகலை எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், வாய்மொழியாகக் கேட்டாலும் அப்படித்தான்.