காற்று முதலில், ஸ்பிரிங் அப்புறம்

இரு சக்கர வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகள். எல்லாமே புதிதாக வாங்கிய வண்டியின் டயர் காற்றையும் ஷாக் அப்சார்பரையும் பற்றியவை.

கேள்வி: போன வாரம்தான் புது 125 சிசி வண்டி டெலிவரி எடுத்தேன். சின்னக் குழியில் இறங்கினால்கூட முதுகில் அடிக்கிறது. ஷோரூமில் கேட்டால் 'ஓட ஓட சரியாகிடும்' என்கிறார்கள். ஷாக் அப்சார்பரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்கு ஷாக் அப்சார்பரைத் தொட வேண்டாம். நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு டயரிலும் காற்றை அளந்து பாருங்கள். புது வண்டி லாரியில் ஏறி வந்து கிடங்கில் நிற்கும்போது டயர் நசுங்கிவிடக் கூடாதென்று காற்றைக் கூடுதலாக வைப்பதுண்டு. டெலிவரி அன்று அதைக் குறைக்க மறந்துவிட்டால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), அதற்கு மேலும்கூட அப்படியே உங்கள் கைக்கு வந்துவிடும். சாலையின் சின்ன அதிர்வுகளை முதலில் வாங்குவது டயர்தான். அது கல் போல இருந்தால் அத்தனையும் நேராக சீட்டுக்கு ஏறும். சாலையில் பதியும் பரப்பும் சுருங்கிப் போவதால் ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். இது முதுகுவலியைவிடப் பெரிய விஷயம்.

எவ்வளவு வைக்க வேண்டும்? செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மேனுவலிலும் இருக்கும். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் 25, தனியாக ஓட்டினால் பின்பக்கம் 28 அல்லது 29 என்ற அளவில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு வேறு எண். ஆனாலும் உங்கள் ஸ்டிக்கரில் உள்ளதே உங்களுக்குக் கணக்கு. டயரின் பக்கவாட்டில் 'மேக்ஸ்' என்று அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது. ஸ்டிக்கரில் கிலோவில் போட்டிருந்தால் 1.75 கிலோ என்பது 25 பிஎஸ்ஐ, 2 கிலோ என்பது ஏறக்குறைய 28.5, 2.25 கிலோ என்பது 32. கிலோபாஸ்கலில் போட்டிருந்தால் 200 என்பது 29 பிஎஸ்ஐ.

அளக்கும்போது டயர் ஆறியிருக்க வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்கணும். ஒரு பக்க டயர் மட்டும் வெயிலில் காயக் கூடாது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். அதற்கும் வழி உண்டு. வீட்டில் ஆறிய டயரில் 22 காட்டுகிறது, வேண்டியது 25 என்றால் குறைவு 3. பங்கில் போய் அளக்கும்போது அது 24 காட்டினால் 27 வரை ஏற்றுங்கள். அதாவது குறைந்த 3-ஐ மட்டும் சேர்க்க வேண்டும். கணக்கு வீட்டில், காற்று பங்கில். ஒரு பங்கின் மீட்டருக்கும் இன்னொன்றின் மீட்டருக்கும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் வருவது சகஜம். அதனால் சொந்தமாகக் காற்றை அளக்கும் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு எப்போதும் அதிலேயே அளங்கள்.

காற்றைச் சரியாக வைத்து நான்கைந்து நாள் ஓட்டிய பிறகும் முதுகில் அடித்தால் அப்போது ஸ்பிரிங்கைப் பார்க்கலாம். அதற்கான வழி கீழே மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: சேலத்தில் காலையில் 32 வைத்தேன். ஏற்காடு போய் இறங்கியதும் அளந்தால் 37 காட்டியது. பயந்துபோய் 32-க்கு இறக்கிவிட்டேன். திரும்பி வரும்போது வளைவுகளில் ஹேண்டில் கனத்தது போல இருந்தது. ஏன்?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: நீங்கள் இறக்கியது தேவையான காற்றை. கேஜ் காட்டுவது டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கும் இடையேயான வித்தியாசம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அவ்வளவு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் 2 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைகிறது. டயரில் ஒன்றும் கூடாமலே கேஜ் 2 கூடுதலாகக் காட்டும். ஏறி வந்த சூட்டில் இன்னொரு 3. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் 37.

அங்கே 5 பிஎஸ்ஐ இறக்கினால், சேலம் வந்து டயர் ஆறியதும் 27தான் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தக் காற்றோடு இறங்கியிருக்கிறீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன் டயருக்கு வரும். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் நெளியும், ஹேண்டில் கனக்கும், திருப்பினால் வண்டி கொஞ்சம் தாமதித்துத் திரும்பும். நீங்கள் உணர்ந்தது அதுதான்.

இரவு ஏற்காட்டில் தங்கி விடியற்காலையில் அளந்து பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுமார் 1.5 பிஎஸ்ஐ குறையும். உயரத்தால் கூடியதைக் குளிர் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். கேஜ் 32-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே சேலத்தில் வைத்த காற்றோடு போய் வரலாம். மேலேயே குடியிருப்பவர்கள் அங்கேயே, காலையில், ஸ்டிக்கர் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும். சூடான டயரில் மட்டும் எந்த ஊரிலும் காற்றை இறக்காதீர்கள்.

கேள்வி: என் எடை 82 கிலோ. பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ஐந்து படி இருக்கிறது. எந்தப் படியில் வைப்பது? மனைவியோடு ஏற்காடு போகும்போது மாற்ற வேண்டுமா? மெக்கானிக் 'நடுவுல வெச்சுக்கோங்க' என்கிறார்.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நடுவில் என்பது யாருக்கும் பொருந்தாமல் போகலாம். அளந்து பார்த்துவிடுங்கள். ஒரு அளவு டேப், உதவிக்கு இரண்டு பேர், அரை மணி நேரம் போதும். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கட்டும். டயர் காற்று முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். ஆக்சில் நட்டின் நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே பாடியில் ஒட்டிய ஒரு துண்டு டேப் வரை அளங்கள். அது 612 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நீங்கள் ஹெல்மெட்டோடு ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் முன்பக்கம் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அளக்கட்டும். அளக்கும் முன் பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி விடுங்கள், ஷாக்கில் உள்ள இறுக்கம் போய்விடும். 578 வருகிறது. 612-இல் 578 போக 34. பின் சஸ்பென்ஷனின் மொத்த நகர்வு மேனுவலில் 110 என்றிருந்தால், 34 என்பது அதில் 31 சதவீதம். கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை இருந்தால் நல்ல அளவு. அந்தப் படியிலேயே விட்டுவிடலாம்.

இப்போது மனைவியும் உட்காரட்டும். பின்னால் உட்காருபவரின் எடை பெரும்பாலும் பின் சக்கரத்துக்கே போகும். 555 வந்தால் 57 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது, பாதிக்கு மேல். இந்த நிலையில் அடிவாரம் தாண்டி ஏறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அடிவரை போய் 'டங்' என்று முட்டும். முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் வளைவில் ஹேண்டில் இலேசாகிவிடும்; ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் ஆள் ஏறும்போது படியைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று படி கூட்டி மறுபடி அளந்து, அமுங்குவது 40-45 மில்லிமீட்டர் அருகே வந்தால் திருப்திப்படலாம். கூடவே பின் டயரில் இருவருக்கான காற்று. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

ஊர் திரும்பியதும் பழைய படிக்கு இறக்க மறக்காதீர்கள். உயர்த்திய படியில் தனியாக ஓட்டினால் ஷாக் மேல் எல்லையிலேயே நிற்கும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடம் இருக்காது, பின்பக்கம் துள்ளும். படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஐந்தாவது படியிலும் அடிவரை முட்டினால் அந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது என்று பொருள்.

படியை மாற்ற டூல் கிட்டில் கொக்கி ஸ்பானர் இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு திருப்புங்கள். ஸ்பானர் வழுக்கினால் விரல் மொளி போய்விடும். இரட்டை ஷாக் என்றால் இரண்டு பக்கமும் ஒரே படி, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேஸ் சிலிண்டர் கொண்ட ஷாக் என்றால் அந்தச் சிலிண்டரைத் திறக்கவோ தளர்த்தவோ வேண்டாம், உள்ளே அதிக அழுத்தம் இருக்கிறது.

இன்னொன்று. படியை உயர்த்தியதும் செயின் தளர்ந்தது போலத் தெரியும். பார்த்தவுடன் இறுக்கிவிடாதீர்கள். இருவரும் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது செயின் தானாக இறுகும். ஏற்கெனவே இறுக்கி வைத்திருந்தால் பேரிங் தாங்காது. எடை ஏறிய நிலையிலும் செயினில் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும்.

கேள்வி: முன் ஃபோர்க்கில் திருப்புவதற்கு ஒன்றுமே இல்லையே, அதில் எதைச் சோதிப்பது?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: மூன்று விஷயம். ஃபோர்க் குழாயில், டஸ்ட் சீலுக்கு (தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேலே, ஒரு பிளாஸ்டிக் டை கட்டுங்கள். ரப்பர் உறை போட்ட ஃபோர்க் என்றால் இது முடியாது. கட்டியதும் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பாதையிலோ பெரிய பாதையிலோ வழக்கம்போல இறங்கி வாருங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டதோ அவ்வளவு தூரம் ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. கடைசி எல்லைக்கு முன் 10-15 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் நல்லது.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டக்' என்று தட்டினால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் உள்ள பேரிங்) தளர்ந்திருக்கிறது. புது வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டரில் பேரிங் தன் இடத்தில் அமரும்போது இது நடக்கும். முதல் சர்வீஸில் சொல்லி இறுக்கிக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் இறுக்கினாலும் தவறுதான். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இலேசாகத் தட்டினால் அது தானாகவே இரு பக்கமும் விழ வேண்டும்.

மூன்றாவது, ஃபோர்க் விட்டுவிட்டு அமுங்கினால் சக்கரம் மாட்டும்போது ஆக்சில் கோணலாகப் பிடித்திருக்கலாம். ஃபோர்க் அடியில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட் இருக்கும் வண்டிகளில் அதைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்போக் சக்கர வண்டி. பின் டயரின் காற்று மவுத் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லையா?
– வாசகர், நாகலூர்

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. காற்று குறைந்த நிலையில் ஓட்டினால் ரிம்மின் மேல் டயர் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். உள்ளே டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். மவுத் சாய்வது அதற்கான அடையாளம். அப்படியே விட்டால் மவுத் அடியில் டியூப் கிழிந்து ஒரே நொடியில் காற்று இறங்கிவிடும். இறக்கத்தில் அது நடந்தால் ஆபத்து. பங்சர் கடையில் காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, மவுத்தை நேராக்கிக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். பிறகு வாரம் ஒருமுறை அளங்கள்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பலாமா?
– வாசகி, ஐந்து ரோடு

பதில்: நிரப்பலாம், கெடுதல் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேஜ் வாங்கினால் அதிகப் பயன்.

கேள்வி: மூன்று வருடம் ஓடிய வண்டியை வாங்கியிருக்கிறேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிகிறது. விற்றவர் 'துடைச்சா போயிடும்' என்கிறார்.
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: துடைத்துப் பார்ப்பதில் தவறில்லை. சுத்தமாகத் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பத்து முறை அமுக்கிப் பாருங்கள். மறுபடி எண்ணெய் வந்தால் உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சீல் கசிகிறது. டஸ்ட் சீலை மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். உள்ளே மண் சேர்ந்திருந்தால் சுத்தம் செய்தாலே சில வேளை நின்றுவிடும். குழாயில் நகத்தை ஓட்டும்போது துரு, கீறல் தடுக்கினால் புது சீலும் சீக்கிரம் கிழியும். சீல் மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றி, இரண்டிலும் மேனுவல் அளவுக்குப் புது ஃபோர்க் ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் குறைந்தால் ஃபோர்க்கின் இரு கால்களும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

கசிந்த எண்ணெய் டிஸ்கிலோ பிரேக் பேடிலோ இறங்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இறங்கியிருந்தால் பேடை மாற்றி, டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடைக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படித்துவிடுங்கள். 1221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்று வருட வண்டியில், வண்டி தயாரான காலத்தைவிட வெகுவாகப் பழைய தேதி இருந்தால் யாரோ பழைய டயரை மாட்டியிருக்கலாம், அதை வைத்து மலை ஏறாதீர்கள்.