ஆட்டிசம் பிள்ளையோடு தீம் பார்க் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்கினாலே கடிதங்கள் எல்லாம் தீம் பார்க் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். எந்த பார்க் நல்லது? (சேலம்)

வயதையும் டயக்னோசிஸையும் மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? சத்தம் தாங்குவானா? தண்ணீர் பிடிக்குமா? கையை உதறிவிட்டு ஓடுவானா? வரிசையில் ஐந்து நிமிடம் நிற்பானா? வலிப்பு உண்டா? கழிப்பறை வந்தால் சொல்வானா? இதில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

பொதுவாகச் சொன்னால், முதல் முறைக்குச் சின்ன இடமே போதும். திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா 60 ஏக்கருக்கு மேல். அவ்வளவு பெரிய இடத்தில் கடைசி மூலையில் பிள்ளை தாங்காமல் உட்கார்ந்துவிட்டால் கார் வரை தூக்கிக்கொண்டு வருவது யார்? பத்து நிமிடத்தில் காருக்குள் உட்கார முடிகிற இடமாகப் பாருங்கள். எந்த பார்க் ஆனாலும் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, வெளியே வரும் வழியைப் பார்த்து வைப்பது. ரைடெல்லாம் அப்புறம்.

எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு? (திருச்சி, வேலூர், தாம்பரம்)

செவ்வாய், புதன். கேட் திறக்கும் நேரத்திலேயே போய் மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுங்கள். பள்ளிச் சுற்றுலா சீசனில் வார நாளும் நெரிசல்தான். முந்தின நாள் போன் செய்து ‘நாளைக்கு ஸ்கூல் பஸ் எத்தனை வருது’ என்று கேளுங்கள், சொல்வார்கள்.

வாட்டர் பார்க்கில் காட்டன் உடை கூடாது என்கிறார்கள். மகளுக்கு நைலான் உடம்பில் பட்டாலே ஆகாது. என்ன செய்வது? (ஈரோடு)

நல்ல கேள்வி. இதைக் கவனிக்காமல் போய் உடை மாற்றும் அறையிலேயே அன்றைய நாளை முடித்துக்கொண்டு திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அங்கே கவுன்டரில் வாங்கும், அல்லது வாடகைக்கு எடுக்கும் புது நைலான் உடை விறைப்பாக இருக்கும். கழுத்துப் பின்னால் லேபிள் குத்தும், கை ஓரத் தையல் அறுக்கும். ஒரு மாதம் முன்பே ஒரு அளவு பெரியதாக ஒன்று வாங்கி நாலைந்து முறை துவையுங்கள். லேபிளை மட்டும் வெட்டினால் அடியில் மிஞ்சும் துண்டு இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். பிறகு வீட்டில் குளிக்கும்போது போட்டுவிடுங்கள். முதலில் உலர்ந்த உடம்பில் ஐந்து நிமிடம், அப்புறம் நனைந்தபடி. நனைந்த துணி உடம்பில் ஒட்டுவது வேறு அனுபவம். அதையும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளட்டும். வெறுங்காலில் சூடான தரையில் நடக்க வேண்டியிருக்கும், அதற்கு ரப்பர் செருப்பு. இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு ஆகவில்லை என்றால் தண்ணீர் இல்லாத பார்க்குக்குப் போங்கள்.

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டினால் வரிசையில் நிற்காமல் விடுவார்களா? (சென்னை)

தீம் பார்க் வரிசையில் முன்னால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் தனியாக ஒரு வரி இல்லை. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது. அந்தத் தைரியத்தோடு கேளுங்கள். கேட்டில் நிற்கும் தம்பியிடம் வாதாடிப் பயனில்லை. இரண்டு நாள் முன்பே பார்க்குக்கு மெயில் அனுப்பி, வந்த பதிலைப் போனில் வைத்துக்கொண்டு, உள்ளே போனதும் மேனேஜரைப் பார்த்துவிடுங்கள். ‘ஆட்டிசம் இருக்கிறது’ என்று மட்டும் நிறுத்தாமல், ‘கூட்டத்துக்கு நடுவே நிற்க முடியாது, நாங்கள் ஓரமாக இருக்கிறோம், எங்கள் முறை வந்ததும் கூப்பிடுங்கள்’ என்று வேண்டியதை நேராகச் சொல்லுங்கள். வொண்டர்லா போன்ற இடங்களில் கூடுதல் பணத்துக்கு ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் உண்டு. வரிசைதான் உங்கள் பிள்ளையின் பிரச்சினை என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

கார்டே இன்னும் வாங்காதவர்கள் உடனே விண்ணப்பியுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று ஒளிப்பதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் கிடையாது. ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கான்’ என்று சொல்கிறவரிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம், கார்டை நீட்டினால் போதும்.

நான்கு பேருக்கு டிக்கெட், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ஆயிற்று. மகன் (9 வயது) தானாக ஒரு ரைடுகூட ஏறவில்லை. ஜயன்ட் வீல் எதிரே நின்று அது சுற்றுவதையே மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பயம் தெளியட்டும் என்று ஒரு ரைடில் தூக்கி உட்கார வைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முடியும்வரை அலறினான். அடுத்த முறை எப்படி ஏற்றுவது? (கோவை, ஒரு தந்தை)

ஏற்றாதீர்கள்.

இந்தக் கடிதம் ஊர் மாறி ஊர் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதல் வரி செலவுக் கணக்கு. ஐயா, டிக்கெட் காசு நீங்கள் விரும்பிக் கொடுத்தது. அதை உடம்பை நடுங்க வைத்துக்கொண்டு அடைக்க வேண்டிய கடன் உங்கள் மகனுக்கு இல்லை.

அவன் ஒரு ரைடுகூட ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலையிலிருந்து மதியம் வரை, அத்தனை கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் சத்தத்துக்கும் நடுவே, அழாமல், ஓடாமல், தனக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் கணக்கில் அது அருமையான நாள். ஒரே சீராகச் சுற்றுகிற பொருளைப் பார்ப்பது பல ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி தரும். அதே பொருளுக்குள் உட்காருவது வேறு கதை. கால் தரையை விட்டுக் கிளம்பியதும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதைச் சில பிள்ளைகளால் தாங்கவே முடியாது. அவர்களுக்கு அது கீழே விழுந்துகொண்டே இருப்பது மாதிரிதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியதன் அர்த்தம் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கப் அண்ட் சாசர் ரைடு எதிரே நிற்பான். தட்டு வேகம் குறையத் தொடங்கும்போதே, எந்த நிறக் கப் கேட்டுக்கு நேராக வந்து நிற்கும் என்று சொல்லிவிடுவான். ‘மஞ்சள்’ என்பான், மஞ்சள் வந்து நிற்கும். இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதிப்பான். ஒரு நாளும் அவன் அதில் ஏறியதில்லை. அவன் அம்மா பக்கத்தில் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ‘அடுத்தது என்ன நிறம்?’ என்று கேட்பார். அவர்களுடைய தீம் பார்க் அது.

அப்புறம் அந்த ‘பயம் தெளியட்டும்’. வலுக்கட்டாயமாக ஏற்றினால் பயம் தெளியாது, பரவும். இன்று ரைடுக்குப் பயம், அடுத்து பார்க் கேட்டுக்குப் பயம், அதற்கடுத்து கார் அந்தச் சாலையில் திரும்பினாலே பயம். அதோடு, ‘வேண்டாம்’ என்று சொன்னால் அப்பா கேட்க மாட்டார் என்பதும் மனதில் பதிந்துவிடும். படிப்படியாகப் பழக்குவது என்று ஒன்று உண்டு. ஒரு நாள் பார்ப்பது. இன்னொரு நாள் கேட்டைத் தொடுவது. கூட்டமில்லாத நேரத்தில் ஆபரேட்டரிடம் கேட்டுக்கொண்டு, நிற்கிற ரைடில் உட்கார்ந்துவிட்டு இறங்குவது. ஒவ்வொரு படியிலும் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை பிள்ளையிடம் இருக்க வேண்டும். பிள்ளைகளை வேனில் அடைத்துக்கொண்டு போய், அழ அழ ரைடில் ஏற்றி, அந்தப் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு ‘எக்ஸ்போஷர்’ (பயப்படுவதற்குப் பழக்குவது) என்று பெயர் சூட்டும் தெரபி சென்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது தெரபி அல்ல. உங்கள் பிள்ளையை அப்படி அழைத்துப்போகக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவு உறுத்துகிறதென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஊருக்கு வரும் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குத் தனியாகத்தான் டிக்கெட். கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். ஏறினால் மட்டும் காசு கொடுங்கள்.

போகும் நாள் காலையில் தூக்கம் வருகிற மாதிரி ஏதாவது சிரப் கொடுத்தால் அமைதியாக இருப்பானா? (பெயர், ஊர் இல்லை)

கொடுக்கவே கூடாது. சளி, அலர்ஜி சிரப் கொடுத்தால் சில பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், இரண்டு மடங்கு துள்ளுவார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை ரைடிலோ தண்ணீரிலோ இறக்குவது ஆபத்து. மருந்து கொடுத்துத்தான் கூட்டிப்போக முடியும் என்ற நிலை இருந்தால், அந்த இடத்துக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே ரிஸ்பெரிடோன் (எரிச்சல், ஆக்ரோஷத்தைக் குறைக்க டாக்டர் தரும் மருந்து) எடுக்கும் பிள்ளைகளுக்கு வெயில் சூட்டைத் தாங்கும் திறன் குறையலாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நிழல், தண்ணீர், தொப்பி மூன்றும் வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லாமல் ரைடும் வேண்டாம், மின்னும் விளக்குள்ள இருட்டு அறையும் வேண்டாம்.

மகள் (5 வயது) தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போகலாம் என்று இருக்கிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா? (திருப்பூர்)

மற்ற பதில்களை மேய்ந்துவிட்டுப் போகிறவர்கள் இதையாவது முழுதாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 15 வயதுக்குட்பட்ட ஆட்டிசம் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 160 மடங்கு. அங்கேயே 2012-ல் வந்த இன்னொன்றில், கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பெரியவர்கள் பார்வையிலிருந்து நழுவி ஓட முயன்றிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும், ஆழம் தெரியாது, ஆபத்தென்றால் கூப்பிடத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மகளுக்கென்று ஒரு பெரியவர். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. ஆளை மாற்றும்போது ‘இப்போ நீ பார்’ என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் ‘சரி’ என்ற பிறகே நகர வேண்டும். ‘நீ பார்த்துட்டிருப்பேன்னு நினைச்சேன்’ என்கிற இடைவெளியில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். லைஃப் கார்ட் இருக்கிறாரே என்று விடாதீர்கள். அவர் நூறு பேரைப் பார்க்கிறவர்.

மகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை போடுங்கள். நீலம் வேண்டாம், தண்ணீரோடு கலந்துவிடும். கேட்டில் நுழைந்ததும் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். முன்கையில் அழியாத பேனாவில் உங்கள் நம்பரை எழுதுங்கள். காணவில்லை என்றால் முதலில் எல்லாக் குளங்களையும் பாருங்கள். கடை, ரைடு, கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகு. அதே நேரத்தில் இன்னொருவர் வெளிவாசலுக்கு ஓடி செக்யூரிட்டியிடம் சொல்ல வேண்டும். வாசல் எங்கே என்று முன்பே பார்த்து வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

இன்னொன்று, பல பார்க்குகளில் அலைக்குளம் தொடங்குமுன் சைரன் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு எந்தப் பக்கம் ஓடுவாள் என்று சொல்ல முடியாது. எப்போது அடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு அந்நேரம் விலகி நில்லுங்கள்.

வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். மகன் தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டான். (மதுரை)

பார்க்குக்கு முன்கூட்டியே அனுப்பும் மெயிலில் சாப்பாட்டையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். தினமும் சாப்பிடும் அதே டப்பா, அதே ஸ்பூன். விடவே மாட்டோம் என்றால் காரில் வைத்துவிட்டு, வெளியே போய்த் திரும்ப அனுமதி உண்டா என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் வேறு பார்க்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரனை ஆர்லாண்டோ டிஸ்னிக்கு அழைத்துப் போகலாமா? (தஞ்சாவூர், ஒரு தாத்தா)

தாராளமாக. அங்கே ‘டாஸ்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அதுவரை எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம். உடனே ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துப் பேரனிடம் சொல்லிவைக்காதீர்கள். 2024-ல் விதியை இறுக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே என்று. புறப்படும் முன் வீடியோ காலில் பேசிப் பதிய வேண்டும். ‘ஏன் வரிசையில் நிற்க முடியாது’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் மகளே சொல்லட்டும்.

ஆட்டிசம் மையம் என்று சான்றிதழ் வாங்கிய பார்க்குகளும் அங்கே உண்டு. பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ் 2018-ல் அந்த வகையில் முதலாவதாக வந்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சத்தம் இருக்காது என்றல்ல.

போன தடவை நடுவழியில் மகன் படுத்து அழுதான். சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். கூசிப்போய்விட்டேன். (விழுப்புரம், ஒரு தாய்)

கூச வேண்டியவர்கள் படம் எடுத்தவர்கள். நீங்கள் அவனைத் தவிர யாரையும் பார்க்காதீர்கள். கூட வந்தவர் ஒரு துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கட்டும். நீங்கள் பேச்சைக் குறையுங்கள், கேள்வியே வேண்டாம். தலை தரையில் மோதாமல் பையை அடியில் வையுங்கள். அடங்கியதும் நேராக வீடு. ‘இன்னும் ஒரே ஒரு ரைடு’ என்று திரும்பினால் இரண்டாவது தடவை இன்னும் கடுமையாக வரும்.

அவனுக்காக எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு வருகிறோம். அக்கா (11 வயது) முகம் வாடிவிடுகிறது. (நாகர்கோவில்)

வாடத்தான் செய்யும், பாவம். இரண்டு பெரியவர்கள் போங்கள். ஒருவர் முழுக்க அவளுக்கு. தம்பி கிளம்பினாலும் அவள் கிளம்ப வேண்டியதில்லை; ஒருவர் அவனோடு காரில் இருக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு நாள் அவளை மட்டும் கூட்டிப்போங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அங்கே அவளிடம் தராதீர்கள்.

சத்தத்தைக் குறைக்கும் இயர் மஃப் போட்டுக்கொண்டு ரோலர் கோஸ்டர் ஏறலாமா? (பாண்டிச்சேரி)

கூடாது, கழன்று பறக்கும், ஆபரேட்டரும் விடமாட்டார். ரெயின் டான்ஸ் ஸ்பீக்கர் பக்கமும் சாப்பாட்டுக் கூடத்திலும் போட்டுக்கொள்ளட்டும். ரைடுக்கு ஃபோம் இயர் பிளக். அதையும் வீட்டில் பழக்கிய பிறகுதான்.